மகரந்தத்தைத் துடைத்த மைத்துனன்

என் மனைவியின் தம்பி எனக்கு முப்பத்தெட்டாயிரம் தர வேண்டியிருந்தது. பூவில் உட்காரும் தேனீயைக் கிட்டத்தில் போய்ப் பெரிதாகப் படம் எடுக்கும் ஒரு லென்ஸுக்காக அவன் என்னிடம் வாங்கிய கடன் அது.

வணிகர் சங்கத்து ஆண்டு மலருக்கு என்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன், பெயிண்டுக் கடையில் டப்பா அடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அந்தக் கடையையே விலைக்கு வாங்கி, இன்று இந்தக் கடைத்தெருவிலேயே உயரமான கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததையே மறுபடி எழுதி மலரின் பக்கத்தை வீணாக்குவானேன்? அதனால் யாருக்கும் தெரியாத ஒருவனைப் பற்றி எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் செயலாளர் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

என் மைத்துனனைத் தெருவில் எல்லோரும் பல்செட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பல் மருத்துவமனைக்குப் பின்னால் மாடியில் ஒரு சின்ன அறை. அங்கே உட்கார்ந்து செயற்கைப் பல்வரிசை செய்வது அவன் வேலை. மேசையில் ஒரு சிறிய தீச்சுடர், மெழுகு, மெழுகு செதுக்கும் கத்தி. சுவரோரப் பலகையில் பிளாஸ்டரில் வார்த்த வாய் அச்சுகள் வரிசையாக. முதல்முறை பார்க்கிறவர்களுக்கு அந்தப் பலகையே நம்மைப் பார்த்துப் பல்லிளிப்பது போல இருக்கும். இதை எழுதும்போது என் வாயில் இருக்கும் மேல்வரிசையும் அவன் கைவேலைதான். சொன்ன விலையைக் கொடுத்துத்தான் வாங்கினேன். மைத்துனன்தானே என்று ஒரு காசு குறைக்கச் சொல்லவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. இங்கே வாய்க்காகவே கொடுத்த காசு.

அந்தத் தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு. பெயிண்டு அடித்தால் ஊரே நின்று பார்க்கும். பல்வரிசையோ, யாரும் கவனிக்காவிட்டால்தான் நல்ல வேலை. யாராவது கவனித்துவிட்டால் அது தோல்வி. இருபது வருஷமாக நூற்றுக்கணக்கான வாய்களுக்குள் அவன் வேலை இருக்கிறது. ஒருவரும் அவனை நினைத்துச் சிரித்தது கிடையாது. இன்னொன்று, சர்க்கரைத் துகளளவு பிளாஸ்டர் ஒட்டியிருந்தாலும் ஈறைக் குத்திப் புண்ணாக்கிவிடும். அதனால் எதைக் கையில் எடுத்தாலும் திருப்பித் திருப்பிப் பார்த்துத் துடைப்பான். எங்கள் வீட்டுக்கு வந்தால் டீ குடிக்கும் முன்னால் டம்ளரின் விளிம்பைத் துடைப்பான். என் மனைவிக்கு எரிச்சல் வரும்.

"டேய், நான் கழுவித்தான்டா வெச்சிருக்கேன்."

"தெரியும்க்கா. கை சும்மா இருக்க மாட்டேங்குது."

இந்தக் கைதான் பின்னால் அவன் காலை வாரியது. அதற்குத்தான் வருகிறேன்.

நோயாளியின் பல் நிறத்துக்கு ஏற்றபடி புதுப் பல் செய்ய வேண்டுமென்றால் முதலில் பல்லை மிகப் பெரிதாகப் படம் எடுக்க வேண்டும். அதற்காக மருத்துவர் ஒரு கேமராவும் மேக்ரோ லென்ஸும் வாங்கி இவனிடம் கொடுத்திருந்தார். ஒருநாள் மதியம், சன்னலில் இருந்த பூத்தொட்டியில் ஒரு தேனீ வந்து உட்கார்ந்தது. விளையாட்டாக அதையும் ஒரு படம் எடுத்தான். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்தவன் சாப்பாட்டை மறந்து என் கடைக்கு ஓடி வந்தான்.

"மாமா, தேனீ கண்ணு மேல முடி மொளைச்சிருக்கு மாமா!"

"எனக்குத் தலை மேலயே இல்ல. அதுக்குக் கண்ணு மேலயா?" என்றேன்.

கேமராவின் சின்னத் திரையைக் காட்டினான். நான் லேசில் வாய் பிளக்கிற ஆள் இல்லை. ஆனால் அன்று பிளந்தேன். கருங்கல்லில் கொத்தியது போல முகம். அதன்மேல் வெல்வெட்டுத் துணி போல முடி. தேனை உறிஞ்சும் நாக்கு தனியாக. இத்தனை நாள் கை வீசி விரட்டிய பூச்சிக்கு இப்படி ஒரு முகமா என்று தோன்றியது. கடையில் கலர் பார்க்க வந்தவர்களும் தங்கள் சுவரை மறந்து அதைப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அவனுக்குப் பூச்சிப் பைத்தியம். காலையில் வேலைக்குப் போகுமுன் மருத்துவமனைத் தோட்டத்தில் மண்டியிட்டுக் கிடப்பான். இந்தப் படம் எடுப்பது நாம் கல்யாண வீட்டில் நிற்கவைத்து எடுப்பது போல இல்லை. பூச்சிக்கும் லென்ஸுக்கும் ஒரு சாண்கூட இருக்காது. அவ்வளவு கிட்டத்தில் போனால் நகத்தின் பருமன் அளவுக்குத்தான் தெளிவாக விழும். கண் தெளிந்தால் இறக்கை கலங்கும். மூச்சு விட்டால் கேமரா ஆடும். காற்றடித்தால் பூ ஆடும். அதற்காகக் காம்பைத் துணி கிளிப்பால் ஒரு குச்சியோடு கவ்வி வைப்பான். பிளாஷ் வெளிச்சம் பளிச்சென்று அடிக்காமலிருக்க ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடியை அறுத்து முன்னால் மாட்டியிருந்தான். எல்லாவற்றுக்கும் மேல் நிழல். பூச்சியின்மேல் நம் நிழல் விழுந்தால் அது போயே போய்விடும்.

அவன் எடுத்த படங்களை மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் மாட்டினார்கள். பல் பிடுங்க வந்து பயந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பராக்குப் பார்க்க ஏதாவது வேண்டுமே. அங்கே ஒரு அம்மா வந்தார். பள்ளிக்கூடங்களில் மாட்டும் சுவர்ப்படம் அச்சடித்து விற்கிறவர். பூவும் பூச்சியும் என்று ஒரு பெரிய சுவர்ப்படம் போடப்போவதாகவும், நடுவில் பூசணிப் பூவில் தேனீ, சுற்றிலும் ஆறு பூச்சிகள் எடுத்துத் தந்தால் நாற்பதாயிரம் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். கீழே ஓரத்தில் படம் எடுத்தவர் பெயரும் வருமாம்.

ஆனால் மருத்துவர், "கேமரா பல்லுக்கு மட்டும்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் நியாயம்தான். இவன் சேமிப்பில் ஒரு பழைய கேமரா வாங்கினான். லென்ஸுக்குக் காசில்லை. என்னிடம் வந்தான்.

"எவ்வளவு மாப்ளே?"

"முப்பத்தெட்டு மாமா."

"நூறா?"

"ஆயிரம்."

"பூச்சி புடிக்க முப்பத்தெட்டாயிரமா? பூச்சி மருந்து என் கடையிலயே இருக்கு. சும்மாவே தரேன்."

அவன் சிரிக்கவில்லை. "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பிடறேன். முடியலேன்னா கேமரா, லென்ஸ் ரெண்டையும் நீங்க எடுத்துக்கோங்க."

கேட்டது அவன், கெடு சொன்னது அவன், ஈடு சொன்னதும் அவன். நான் எண்ணிக் கொடுத்தேன். உள்ளேயிருந்து என் மனைவி, "மச்சினன்கிட்டயே ஈடு வாங்கற ஒரே மனுஷன் நீங்கதான்" என்றாள். எனக்கு ஒரு கொள்கை உண்டு. கொடுத்த கடனை விட்டுக்கொடுத்தால் வாங்கினவனைப் பிச்சைக்காரன் ஆக்கிவிடுகிறோம். நான் கடன் வாங்கித்தான் இந்தக் கடையை வாங்கினேன். அன்றைக்கு எனக்குக் கொடுத்தவர், "போனால் போகுது, வெச்சுக்கோ" என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் அவர் வீட்டு வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருப்பேன்.

படங்கள் தயாராகின. கெடுவுக்கு முந்திய திங்கட்கிழமை அவற்றை அச்சகத்துக்கு எடுத்துப் போனான். நானும் கூடப் போனேன். பணம் வருகிற இடத்தைப் பார்த்துவைப்பது வியாபாரிக்கு வழக்கம். அச்சு மை வாசனை அடிக்கும் சின்ன அறையில், அந்தம்மா படங்களை ஒவ்வொன்றாகக் கணினியில் திறந்து பார்த்தார். எறும்பு, பட்டாம்பூச்சி, வண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நடுப்படத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"படம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா மகரந்தம் எங்க?"

"தொடைச்சிட்டேன்மா," என்றான், பாராட்டை எதிர்பார்க்கிறவன் குரலில்.

"எதைத் தொடைச்சீங்க?"

"தேனீ ஒடம்பு பூரா மஞ்சப் பொடி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு. கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு துகளா எடுத்தேன். மூணு வாரம் ஆச்சு."

அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"தம்பி, பூவிலேருந்து பூவுக்குத் தேனீ மகரந்தத்தை எப்படிக் கொண்டு போகுதுன்னு பிள்ளைங்களுக்குக் காட்டத்தான் இந்தப் படமே. இது என்ன, வெறுங்கையோட விருந்துக்கு வந்த மாதிரி நிக்குது!"

அவன் திரையைப் பார்த்தான், பிறகு தன் விரல்களைப் பார்த்தான். அவனுக்கு மகரந்தம் தெரியாதா? நன்றாகத் தெரியும். எந்தப் பூவுக்கு என்ன நிறப் பொடி என்று என்னிடமே மணிக்கணக்கில் பேசியிருக்கிறான். ஆனால் கணினி முன்னால் உட்கார்ந்ததும் பல்செட்டுக் கை வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. துகளா, எடு. கறையா, துடை. தேனீயைப் புதுப் பல் போலப் பளபளவென்று மெருகு போட்டு வைத்திருந்தான்.

"பழைய படம் இருக்குமே? தொடைக்காதது?" என்றார் அந்தம்மா.

"அது மேலயே சேமிச்சுட்டேன். கேமரா அட்டையும் ஒண்ணுதான் இருக்கு. அழிச்சிட்டுத்தான் மத்தது எடுத்தேன்."

அந்தம்மா நல்ல மனுஷி. யோசித்துத்தான் சொன்னார். "வெள்ளிக்கிழமை காலைல அச்சுக்குப் பிளேட் போடணும். அதுக்குள்ள வேற எடுத்துட்டு வாங்க. இல்லேன்னா பழைய கைவரைபடத்தையே போட்டுடுவேன். நடுப்படம் இல்லாம மத்த ஆறை வெச்சு நான் என்ன பண்ண?"

மருத்துவமனைத் தோட்டத்துப் பூசணிக்கொடியைக் காய் பறித்ததும் பிடுங்கிப் போட்டுவிட்டார்களாம். வேறு எங்கும் பூசணி பூத்திருப்பதாக அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னோம். என் மனைவி முதலில் சிரித்தாள், பிறகு தம்பி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நம்ம கடைக்குப் பின்னாடி காலி மனையில கொடி ஓடிக் கெடக்கே. நான் வீசின விதை. நேத்துகூடப் பூ பாத்தேன்."

உண்மைதான். ஆனால் அந்த மனையில் கிடங்கு கட்ட வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மண் தோண்டும் வண்டி வருகிறது. முன்பணம் கொடுத்தாகிவிட்டது.

"ஒரு வாரம் தள்ளிப்போடுங்களேன்," என்றாள்.

"வண்டியைத் தள்ளினா கொத்தனார் தள்ளணும். கொத்தனாரைத் தள்ளினா மழை வந்துடும். செவ்வாய், புதன் ரெண்டு நாள் இருக்கில்ல? அது போதும்."

"உங்க மனசைத் தோண்டத்தான் முதல்ல வண்டி வரணும்."

செவ்வாய்க்கிழமை தூறல். பூசணிப் பூ விடிந்ததும் விரியும், வெயில் ஏறியதும் சுருண்டுவிடும். தண்ணீர் நிரம்பிய பூவுக்கு எந்தத் தேனீ வரும்? வெறுங்கையோடு திரும்பிப் போனான்.

புதன்கிழமை நல்ல வெயில். தேனீக்களும் வந்தன. நான் கடை திறக்கப் போனபோது மனையில் எட்டிப் பார்த்தேன். சேற்றில் குப்புறப் படுத்திருந்தான். ஒரு தேனீ பூவுக்குள் தலைகீழாக இறங்கி, உள்ளே உருண்டு புரண்டு, உடம்பெல்லாம் மஞ்சளாக வெளியே வந்தது. "எடு மாப்ளே" என்று மனசுக்குள் சொன்னேன். அவன் எடுக்கவில்லை. அது இதழின் விளிம்பில் உட்கார்ந்து முன்னங்காலால் முகத்தையும் மீசையையும் துடைத்துத் துடைத்துச் சுத்தமாக்கிக்கொண்டது. துடைத்து முடித்ததும் கிளிக் கிளிக்கென்று எடுத்தான். அடுத்த தேனீ வந்தது. அதே கதை.

பூக்கள் சுருண்டதும் எழுந்து வந்தான். திரையில் வரிசையாகக் காட்டினான். எல்லாம் பளிச்சென்ற தேனீக்கள்.

"மாப்ளே, எல்லாத்தையும் குளிப்பாட்டிட்டியா மறுபடி?"

அவனும் அப்போதுதான் கவனித்தான். "வெளிய வரும்போது அது நிக்கறதில்ல மாமா. அசைஞ்சா கலங்கிடும்னு, நின்னதுக்கு அப்பறம் எடுக்கலாம்னு... நிக்கும்போது அதுவும் தொடைச்சிடுது."

"பூச்சியும் உன்னை மாதிரியே இருக்குன்னு சொல்லு," என்றேன். சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

அன்று மாலை, கடையில் கூட்டம் குறைந்த நேரம், ஒரு பையோடு வந்தான். கேமராவையும் லென்ஸையும் எடுத்து என் மேசையில் வைத்தான். இரண்டையும் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தான்.

"எடுத்துக்கோங்க மாமா. என்னால முடியல. கல்யாண போட்டோ எடுக்கற ஒருத்தர் நல்ல விலைக்கு வாங்கிப்பார். நானே சொல்லி வெச்சிருக்கேன்."

என் மனைவி உள்ளறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுக்கொடு என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். அவள் சொல்லுமுன் நான் முந்திக்கொண்டேன்.

"கெடு என்னைக்கு மாப்ளே?"

"வெள்ளிக்கிழமை."

"இன்னைக்கு என்ன கெழமை?"

"புதன்."

"கெடுவுக்கு முன்னாடி ஈட்டைக் கையில வாங்கற வழக்கம் என் கடையில இல்ல. எடுத்து உள்ள வை. நாளைக்கு ஏழு மணிக்குத்தான் வண்டி வருது. பூ எத்தனை மணிக்கு விரியும்?"

"ஆறுக்கு."

"அப்ப ஒரு மணி நேரம் இருக்கு. நானும் வரேன்."

வியாழக்கிழமை ஆறு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் மனையில் நின்றோம். பூக்கள் எட்டு விரிந்திருந்தன. வானம் மூடிக் கிடந்தது, காற்றில் குளிர். குளிரில் தேனீ கூட்டைவிட்டுக் கிளம்பாது என்றான். இலவு காத்த கிளி போல உட்கார்ந்திருந்தோம். ஏழு மணிக்குத் தெருமுனையில் தடதடவென்று சத்தம். மஞ்சள் வண்டி வந்து நின்றது, தரை அதிர்ந்தது, எட்டுப் பூவும் நடுங்கின. கிளிப் போட்ட பூகூட ஆடியது.

அவன் எழுந்து நின்றான். லென்ஸின் மூடியை எடுத்து மாட்டினான். அந்த மூடி மாட்டும் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று மாடி கட்டினவன், எந்தச் சத்தம் நல்லது எது கெட்டது என்று எனக்குத் தெரியும்.

நான் வண்டி ஓட்டுநரிடம் போனேன். "இன்ஜினை அணைப்பா."

"அணைச்சாலும் மணிக்கணக்கு ஓடும் சார். ஒரு மணிக்கு ஆயிரத்து இருநூறு."

"ஓடட்டும். இன்ஜின் மட்டும் ஓட வேணாம்."

"எதுக்கு சார் வெயிட்டிங்?"

"தேனீ வரணும்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "தேனீக்கும் நீங்கதான் சம்பளமா சார்?" என்று கேட்டுவிட்டு அணைத்தான். பீடியைப் பற்றவைக்கப் போனவனை என் மனைவி தடுத்தாள். புகை வந்தால் தேனீ வராதாம். "வண்டியையும் நிறுத்திட்டீங்க, வாயையும் நிறுத்திட்டீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே அவனும் வந்து குந்தினான்.

என் மைத்துனன் என்னிடம் மெதுவாகச் சொன்னான். "மாமா, அந்த வெயிட்டிங் காசையும் என் கணக்குல சேத்துக்கோங்க."

"சேக்காம? சும்மா விடுவேன்னு நெனச்சியா?" என்றேன். அதற்குத்தான் அவன் அந்த வாரத்தில் முதன்முதலாகச் சிரித்தான். என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் போனது. ஒன்றும் வரவில்லை. இரண்டாவது மணியில் மேகம் கிழிந்து வெயில் விழுந்தது. அதோடு ரீங்காரமும் வந்தது.

முதல் தேனீ பூவுக்குள் போனது. அவன் தரையோடு படுத்து, இதழின் விளிம்பைப் பார்த்தபடி குறிவைத்திருந்தான். அங்கிருந்து பார்த்தால் பூவின் உட்குழி தெரியாது. தேனீ எப்போது ஏறி வெளியே வரும் என்று அவனுக்குத் தெரிய வழியில்லை. வந்தபின் பார்த்து அழுத்தினால் ஒரு கணம் பிந்திவிடுகிறது. அப்படியே முதல் மூன்றும் போயின. ஒன்று கலங்கல். ஒன்றில் பின்பக்கம் மட்டும். மூன்றாவதில் என் தலையின் நிழலும் சேர்ந்து விழுந்தது.

"மாமா, நிழல்!"

என் நிழலில் பிழைக்கிற குடும்பங்கள் இந்தத் தெருவில் இருக்கின்றன. அவன் வேண்டாம் என்கிறான். சரியென்று வெயிலைப் பார்த்தபடி எதிர்ப்பக்கம் போய், முழங்கால் இரண்டையும் சேற்றில் ஊன்றினேன். மேலிருந்து பார்த்தால் பூவின் குழி எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"நான் உன் முதுகுல கை வெச்சிருக்கேன். அது ஏற ஆரம்பிச்சதும் தட்டறேன். நீ தேனீயப் பாக்காத, விளிம்பைப் பாத்துக்கிட்டு அழுத்து. சுத்தமா இருக்கா அழுக்கா இருக்கான்னு யோசிக்காத."

அவன் முதுகில் கை வைத்தேன். மூச்சு நின்றிருந்தது. அவன் சின்னப் பையனாக எங்கள் வீட்டுக்கு வந்தபோதுகூட நான் அவனைத் தொட்டுப் பேசியதில்லை. சட்டைக்குள் எலும்பு தெரிந்தது. அடுத்த தேனீ உள்ளே இறங்கியது. உள்ளே நடுத்தண்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. குழந்தை மாவுப் பாத்திரத்தில் விழுந்தது போல இறக்கை, கால், முதுகு எல்லாம் மஞ்சள் அப்பியது. திரும்பியது. மேலே ஏற ஒரு கால் வைத்தது.

தட்டினேன்.

பிளாஷ் அடித்தது. தேனீ விளிம்பில் நின்று முகத்தைத் துடைக்கத் தொடங்கியது. அதைப் பற்றி இனி எங்களுக்குக் கவலை இல்லை.

அவன் எழுந்திருக்காமல் படுத்தபடியே திரையைப் பார்த்தான். பெரிதாக்கினான். கேமராவை என்னிடம் நீட்டினான். இதழின் விளிம்பில் இரண்டு முன்னங்கால், அதன் மேல் அந்த முகம், கண்மேல் உள்ள ஒவ்வொரு முடியிலும் ஒவ்வொரு மகரந்த மணி. மணிகள் உருண்டையாக, எண்ணிவிடலாம் போலத் தெரிந்தன. வண்டி ஓட்டுநர் என் தோளுக்கு மேலிருந்து பார்த்துவிட்டு, "யப்பா, மஞ்சத்தூள் மில்லுலேருந்து வருது போல" என்றான். என் மனைவி கிட்டத்தில் வந்து குனிந்தாள். தம்பியின் முகத்தில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்தாள். துடைக்கிற கை அவர்கள் குடும்பத்துக்கே உண்டு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஒன்பதரைக்கு வண்டி இயங்கியது. ஒரு மணி நேரத்தில் கொடி இருந்த இடமே தெரியவில்லை. இருந்த இரண்டு காயையும் ஓட்டுநர் முன்னதாகவே பறித்துத் தன் இருக்கைக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

மதியம் கடையை ஆளிடம் விட்டுவிட்டு அவன் அறைக்குப் போய்க் கணினி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். படம் திரையில் விரிந்ததும் அவன் கை மவுஸை நோக்கிப் போனது. கையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"ஓரத்துல ஒரு சின்னப் புள்ளி மட்டும் மாமா. அது தூசி. மகரந்தம் இல்ல."

"தூசியாவே இருக்கட்டும். உயிரோட இருந்தா தூசி ஒட்டத்தான் செய்யும். அனுப்பு."

அனுப்பினான். அனுப்பிவிட்டுக் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை காலை அச்சகத்து அம்மா பிளேட் போட்டார். போட்டதும் பணத்தைக் கொடுத்தனுப்பினார். சுவர்ப்படத்தின் முதல் தாள்களில் ஒன்று இப்போது என் கடையில் கலர் அட்டைகளுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. விலை கொடுத்து வாங்கினேன். கீழே வலது ஓரத்தில் எறும்பளவு எழுத்தில் அவன் பெயர். வருகிறவர்களிடம் விரல் வைத்துக் காட்டுகிறேன். சிலருக்குப் பார்க்கப் பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது. அதையும் மேசையில் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவன் கடைக்கு வந்தான். கேமராப் பை தோளில் தொங்கியது. என் மனைவி கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "அந்த வண்டிக் காசையாவது விட்டுடுங்க. ரெண்டரை மணி நேரம் நீங்களும்தான் உக்காந்து வேடிக்கை பாத்தீங்க" என்றாள்.

"அக்கா, நீ சும்மா இரு," என்றான் அவன்.

வழக்கமாக என் கடையில் பணத்தைத் தட்டில்தான் வைக்க வேண்டும். தட்டை ஒதுக்கிவிட்டுக் கையை நீட்டினேன். அவன் எண்ண ஆரம்பித்தான். முப்பத்தெட்டாயிரம், அதன் மேல் வண்டி நின்ற இரண்டரை மணிக்கு மூவாயிரம். அச்சகம் கொடுத்தது நாற்பது. மிச்சத்தைத் தன் சம்பளத்திலிருந்து கொண்டுவந்திருந்தான். ஒவ்வொரு நோட்டையும் நீவி, மடிப்பை எடுத்து, முகம் ஒரே பக்கம் இருக்கும்படி வைத்தான். நடுவில் ஒரு நோட்டின் மூலையில் அச்சகத்து மையின் கறை. அவன் கட்டைவிரல் தானாகவே அதைத் தேய்க்கப் போனது.

"அது இருக்கட்டும் மாப்ளே. நீ எண்ணு."

சிரித்துவிட்டு எண்ணினான். அவன் தலை தாழவில்லை, என் கையும் தாழவில்லை. கடைசி நோட்டையும் என் உள்ளங்கையில் வைத்தான்.